விழா நாளில் யாருக்கு விடுமுறை?
மார்கழி மேடையும் பறையின் வரலாறும்



நினைவுப் பேருரை என்பது ஒரு பெயரைச் சொல்லித் தொடங்குவது. ஆனால் இன்று நாம் எடுத்துக்கொண்ட வரலாற்றில் பெயர்கள் மிகக் குறைவு. திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் ஊர்த் திருவிழாவுக்கும் சாவுக்கும் தோலைக் காய்ச்சி அடித்தவர்களின் பெயர்கள் விழா அழைப்பிதழ்களில் அச்சானதில்லை. தர்மகர்த்தா பெயர் இருக்கும், உபயதாரர் பெயர் இருக்கும், நாதஸ்வர வித்வான் பெயர் இருக்கும். பறையடித்தவர்கள் 'மேளதாளத்துடன்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். அந்தப் பெயரில்லாதவர்களை மனதில் வைத்தே இந்த உரையை அமைத்திருக்கிறோம்.

நாம் பேசப்போவது 2020ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து சென்னையில் நடந்துவரும் 'மார்கழியில் மக்களிசை' விழாவைப் பற்றி. அதைப் புகழ்வது நம் நோக்கமல்ல. ஆண்டுக் கடைசியின் விடுமுறை நாட்களில் சேரிக் கலைஞர்கள் ஒரு குழுவாக மேடையேறிக் கச்சேரி செய்வது ஏன் வரலாற்று நிகழ்வாகிறது? அதற்கு முன் விழா நாட்களில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறோம். விடையின் சுருக்கத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஊருக்கு விடுமுறையாக இருந்த நாள் சேரிக்குக் கட்டாய வேலை நாளாக இருந்தது. அந்த வேலையைக் கலையாகவும், அந்தக் கலையை உரிமையாகவும் மாற்றுவதற்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அந்த மாற்றம் இன்னும் முடியவில்லை.

1. டிசம்பர் எப்படிக் கச்சேரி மாதமானது?

மார்கழி பஜனைக்குரிய மாதம், ஆகவே சென்னையில் அது கச்சேரி மாதமும் ஆயிற்று என்று சொல்வார்கள். ஏதோ இயற்கையாக அமைந்தது போன்ற பேச்சு இது. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது.

காலனிய ஆட்சியில் கிறிஸ்துமஸை ஒட்டி நீதிமன்றங்களும் அலுவலகங்களும் கல்லூரிகளும் மூடப்பட்டன. வழக்கறிஞர்களுக்கும் அலுவலர்களுக்கும் அப்போதுதான் ஓய்வு. 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் கூட்டம் தொடங்கி, காங்கிரஸ் மாநாடுகள் பெரும்பாலும் அந்த விடுமுறையிலேயே நடந்ததற்கு இதுவே காரணம். 1927 டிசம்பரில் எம்.ஏ. அன்சாரி தலைமையில் காங்கிரஸ் சென்னையில் கூடியபோது, அதனுடன் அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடத்தப்பட்டது. அந்த மாநாட்டிலிருந்து பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. 1928 ஆகஸ்ட் 18 அன்று சி.பி. ராமசாமி ஐயர் அதைத் தொடங்கிவைத்தார். அகாடமியின் ஆண்டு மாநாடு டிசம்பரில் நிலைபெற்றது. பிற சபாக்களும் அந்த மாதத்தையே பற்றிக்கொண்டன. நாம் இன்று 'சீசன்' என்று அழைப்பது உருவான கதை இதுதான். படித்த, உத்தியோகம் பார்த்த, பெரும்பாலும் பார்ப்பனர்களாக இருந்த ஒரு வகுப்பின் விடுமுறை, ஒரு நகரத்தின் இசைப் பருவமாயிற்று.

அந்தச் சபா மேடைகளின் மேல் தமிழ்நாட்டிலேயே கேள்விகள் எழுந்தன. தமிழில் பாடு என்ற கோரிக்கை 1940களில் தமிழிசை இயக்கமாக வளர்ந்தது. 1943இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினார். மொழி பற்றிய அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் எந்த மொழியில் பாடுவது என்று கேட்ட இயக்கம், யார் பாடுவது, எந்தக் கருவி மேடையேறுவது என்ற கேள்வியை அதே வேகத்தில் கேட்கவில்லை. தமிழ்ப் பாட்டு மேடைக்கு வந்தது; பறை தெருவிலேயே நின்றது.

இங்கே இன்னொரு தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1927 டிசம்பர் 25. சென்னையில் இசை மாநாடு நடந்த அதே விடுமுறைக் காலத்தில், மகாராஷ்டிரத்தின் மகாத் நகரில் பாபாசாகேப் அம்பேத்கரின் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில், அதே மகாத்தில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விடுங்கள், இழிவு சுமத்தும் ஊர் வேலைகளை விடுங்கள் என்று அவர் மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஆண்டு, ஒரே மாதம். ஓரிடத்தில் ஒரு வகுப்பு தன் ஓய்வை இசையால் நிரப்புவது எப்படி என்று பேசியது. மற்றோரிடத்தில் ஓய்வு என்ற சொல்லையே அறியாத மக்கள், தம் மேல் ஏற்றப்பட்ட வேலையைத் தூக்கி எறிவது எப்படி என்று பேசினார்கள். தமிழ்நாட்டு இசை வரலாற்றை எழுதுபவர்கள் முதல் நிகழ்வை மட்டும் எழுதுகிறார்கள். நாம் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

2. ஊருக்கு விழா, சேரிக்கு வேலை

இன்றைய திருவள்ளூர் மாவட்டம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதி. 1997இல்தான் அது தனி மாவட்டமாயிற்று. செங்கல்பட்டின் சேரிகள் எப்படி வாழ்ந்தன என்பதை 1891இல் ஆட்சியர் திரமென்கீர் அரசுக்கு எழுதிய அறிக்கை பதிவு செய்திருக்கிறது. மிராசுதாரர்களின் நிலத்தில் கட்டுண்டு உழைத்தவர்கள், குடியிருந்த மனைக்குக்கூட உரிமையில்லாதவர்கள், கடனால் தலைமுறை தலைமுறையாகப் பிணைக்கப்பட்டவர்கள் என்று அந்த அறிக்கை நம் முன்னோரைக் காட்டுகிறது. 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்ததற்கு அதுவே வித்து.

இந்த நில உறவோடு சேர்த்துத்தான் பறையைப் புரிந்துகொள்ள முடியும். பறையடிப்பது தனியான ஒரு தொழிலாக இருக்கவில்லை. வெட்டியான் வேலை, பிணம் எரித்தல், செத்த மாடு அகற்றுதல், சாவுச் செய்தி கொண்டுபோதல், தண்டோரா போடுதல் ஆகியவற்றோடு கட்டப்பட்ட ஊர் ஊழியம் அது. கூலி என்று பேசி வாங்கவும் முடியாது. அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் அளந்துபோடும் நெல், சாவு வீட்டில் கிடைக்கும் துணி, சில்லறை, சாராயம் இவைதான் வரவு. கூப்பிட்டால் போக வேண்டும். உடம்பு முடியாவிட்டாலும், தன் வீட்டில் குழந்தை கிடையாகக் கிடந்தாலும் போக வேண்டும். பொங்கலும் ஆடியும் தேரும் ஊராருக்கு வேலை நிற்கும் நாட்கள். பறையடிப்பவருக்கு அன்றுதான் விடியுமுன் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் வேலை.

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்குமுரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு காலத்தில் எல்லா நிலத்து மக்களுக்கும் உரியதாக இருந்த கருவி, பின்னர் ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டது. அந்தச் சாதியின் பெயர் ஆங்கிலத்துக்குள் போய், விலக்கப்பட்டவர் எவரையும் குறிக்கும் வசைச்சொல்லாகவும் மாறியது. கருவிக்கு இழிவு வந்தது தோலால் அல்ல. மிருதங்கமும் மாட்டுத்தோலால் ஆனதே. அதைச் செய்பவர்களிலும் தலித்துகள் உண்டு. செய்தவர் வெளியே நிற்க, மிருதங்கம் சபாவுக்குள் போயிற்று. பறை மட்டும், அடிப்பவரோடு சேர்ந்து வெளியிலேயே நிறுத்தப்பட்டது.

உலகத்தின் இன்னொரு மூலையை ஒப்பிட்டால் நம் நிலைமை தெளிவாகும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். ஸ்டோனோ கிளர்ச்சி என்று அதைச் சொல்வார்கள். மறு ஆண்டே வந்த சட்டம், அடிமைகள் முரசு வைத்திருப்பதையும் அடிப்பதையும் தடைசெய்தது. முரசொலியில் செய்தி போகும், மக்கள் திரள்வார்கள் என்று ஆண்டைகள் அஞ்சினார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் மட்டும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வில், காங்கோ சதுக்கம் என்ற திடலில் ஆப்பிரிக்க மக்கள் கூடித் தம் தாளங்களை அடித்து ஆடினார்கள். பிற்காலத்தில் ஜாஸ் இசை முளைத்த மண்களில் அதுவும் ஒன்று. அங்கே முரசு தடைசெய்யப்பட்டது. ஆகவே அதை அடிப்பது எதிர்ப்பாயிற்று. இங்கே முரசு கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே அதை அடிக்க மறுப்பதே முதல் எதிர்ப்பாயிற்று. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, பறையை உலகத்துக் கறுப்பின இசையோடு நேரே கொண்டுபோய் நிறுத்துவது சரியாகாது.

3. அடிக்க மறுத்தவர்கள்

பறையின் வரலாற்றில் அடித்தவர்களுக்கு எவ்வளவு இடமுண்டோ, அடிக்க மறுத்தவர்களுக்கும் அவ்வளவு இடமுண்டு. தென்னாற்காட்டில் எல். இளையபெருமாள் பறையடிப்பதையும் செத்த மாடு தூக்குவதையும் விட்டொழிக்கச் சொல்லி இயக்கம் நடத்தினார். வட தமிழகத்தின் பல சேரிகளில் பறைகள் உடைக்கப்பட்டன, எரிக்கப்பட்டன, கிணற்றில் போடப்பட்டன. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொன்ன அன்றே பல இடங்களில் வயல் வேலை நின்றது, கடையில் அரிசி நின்றது, பொதுவழி அடைபட்டது. ஒரு கருவியைக் கீழே வைத்ததற்காக அடிபட்டவர்கள் உலகத்தில் எத்தனை இடங்களில் உண்டு என்று தெரியவில்லை. நம் ஊர்களில் உண்டு.

அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாயிற்று. அதன் 7ஏ பிரிவு, தீண்டாமையின் பெயரால் ஒருவரைத் துப்புரவு வேலைக்கோ, செத்த விலங்கை அகற்றவோ, தோலுரிக்கவோ, அதுபோன்ற பிற வேலைக்கோ கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. பறையடிப்பது அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. 'அதுபோன்ற பிற வேலை' என்ற சொற்றொடருக்குள் அது வரும் என்று வாதாடும் பொறுப்பு நம்முடையது. இது பழங்கதை என்று மாணவர்கள் எண்ண வேண்டாம். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான். ஒலிபெருக்கி வந்து முக்கால் நூற்றாண்டு கழிந்த பிறகு!

மறுப்புக்கு ஒரு விலையும் இருந்தது. பறையோடு சேர்ந்து அடிவகைகள் மறந்தன. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி, ஊர்வலத்துக்கு ஓர் அடி என்று தாத்தாவின் விரலில் இருந்த அறிவு பேரனுக்கு வரவில்லை. ஆனாலும் அந்த மறுப்பைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. கட்டாயத்தில் காப்பாற்றப்படும் கலையைவிட, விடுதலைக்காக இழக்கப்பட்ட கலை மேல் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அந்த முடிவு இல்லாமல் பின்னால் வந்த மீட்பும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல முடிந்தவர் மட்டுமே ஒன்றை விரும்பி எடுத்துக்கொள்ள முடியும்.

4. மீண்டும் கையில் எடுத்தவர்கள்

1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் எழுச்சி, பறையை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியது. அதற்கு முன்பே மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, மக்கள் அவரைப் 'பரட்டை' என்று அறிவார்கள், கிராமிய இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கர்நாடக இசையின் மெட்டுகளும் மேலைக் கீர்த்தனைகளும் மட்டுமே பரிசுத்தம் என்றிருந்த ஆலயங்களில் பறை ஒலித்தது. 'ஒரு உலை' என்று அவர் பேசிவந்த கருத்து முக்கியமானது: எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே பானையில் போட்டுச் சமைத்து, எல்லாரும் சேர்ந்து உண்பது. இசையையும் அவர் அப்படியே பார்த்தார். பாடும் சமூகமே பாட்டை மாற்றலாம், சேர்க்கலாம், தனதாக்கலாம். மேடையில் வித்வான், கீழே ரசிகர் என்ற பிரிவு அங்கே கிடையாது. 2005இல் அவர் மறைந்தார். அவருடைய பாடல்கள் கிராமச் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன.

திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழு, தலித் பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. பறை இழிவு என்பது ஒரு வேலி. பறை ஆணுக்குரியது என்பது இரண்டாவது வேலி. இடுப்பில் பறையைக் கட்டி ஆடியபடி அடித்த அந்தப் பெண்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் தாண்டினார்கள். சென்னையில் மணிமாறனும் மகிழினியும் வழிநடத்தும் புத்தர் கலைக்குழு, பறையை எல்லாச் சாதி இளைஞர்களுக்கும் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் பட்டறைகளைத் தொடர்ந்து நடத்தியது. மதுரையின் பறையிசை ஆசிரியர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கருவியைத் தொட்டால் தீட்டு என்ற நாட்டில் இது சிறிய செய்தியல்ல.

ஆனாலும் ஒரு விவாதம் நமக்குள் இன்றும் இருக்கிறது. பறை தமிழரின் ஆதி இசை என்று எல்லாரும் கொண்டாடத் தொடங்கியதும், அதன் மேலிருந்த சாதி மறைக்கப்படுகிறதா, ஒழிக்கப்படுகிறதா? கல்லூரி விழாவில் பறையடிக்கும் இடைச்சாதி மாணவனுக்குக் கைதட்டு கிடைக்கிறது. அதே மாலையில் அவனுடைய ஊரில் சாவுக்கு அடிக்கப் போனவர் வாசலுக்கு வெளியே நின்று கூலி வாங்குகிறார். இரண்டையும் ஒரே பறை என்று சொல்லிக் கடந்துபோக நம்மால் முடியாது.

5. கீழ்ப்பாக்கம், 2018 ஜனவரி 6

நீலம் பண்பாட்டு மையத்தைத் தொடங்கிய இயக்குநர் பா. இரஞ்சித் நம் மாவட்டத்துக்காரர். ஆவடி அருகில் கரலப்பாக்கத்தில் பிறந்தவர். அவருடைய முன்முயற்சியில், இசையமைப்பாளர் டென்மாவின் ஒருங்கிணைப்பில் உருவானது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. அந்தப் பெயர், சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய சொல்லாட்சியை நினைவில் கொண்டது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் அதன் முதல் கச்சேரி நடந்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

மேடையில் பத்தொன்பது பேர். கானாப் பாடகர்கள், ராப் பாடகர்கள், கிதார், டிரம்ஸ் இசைப்பவர்கள், பறையும் சட்டியும் கட்ட மோளமும் அடிப்பவர்கள். அவர்களில் ஒரே பெண் இசைவாணி. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவைப் பாடியதற்காக 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இவர்களில் பலர் வடசென்னையின் சாவு வீடுகளில் பாடியும் அடித்தும் கலை கற்றவர்கள். கானாவின் வேர் அங்கேதான் இருக்கிறது. இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் வாழ்ந்த தெருவைச் சொல்லி, விடிய விடியப் பாடுவது மரண கானா. அந்தக் குரல்கள் ஒலிவாங்கி முன் நின்று இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் ஆணவக் கொலையையும் பாடின.

இந்தக் குழுவை நாம் சமூக இசைக்குழு என்றே அழைக்க விரும்புகிறோம். ஒரு மேளக்குழுவில் கருவிகளுக்குள் படிநிலை உண்டு. யார் முன்னால், யார் பின்னால், யார் உட்கார்ந்து, யார் நின்று என்று சாதி அதை வகுத்திருக்கிறது. கிதாரும் சட்டியும் ஒரே வரிசையில் நின்றபோது அந்த வகுப்பு குலைந்தது. அதைவிட முக்கியம், அடித்த ஒவ்வொருவரின் பெயரும் மேடையில் அறிவிக்கப்பட்டது. இவ்வுரையின் தொடக்கத்தில் சொன்ன அழைப்பிதழை நினைத்துப் பாருங்கள்.

6. மார்கழிக்குள் நுழைந்தது

மக்கள் கலைகள் சென்னையின் விழாக் காலத்துக்குள் வந்தது இது முதல்முறையல்ல. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமியக் கலைஞர்களைப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் நின்றுபோய், 2023இல் அரசின் 'சென்னை சங்கமம் - நம்ம ஊரு திருவிழா'வாக மீண்டும் வந்தது. 2015இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டோரும் குப்பத்து மக்களும் சேர்ந்து கர்நாடக இசையையும் பிற கலைகளையும் மீனவர் தெருவில் ஒரே மேடையில் வைத்தார்கள். இவற்றால் கலைஞர்களுக்கு வருமானமும் மதிப்பும் கிடைத்தன. அதை நாம் மறுக்கவில்லை.

'மார்கழியில் மக்களிசை' இவற்றிலிருந்து இரண்டு வகையில் வேறுபடுகிறது. ஒன்று, மேடையை அமைத்தவர் யார் என்பது. அரசு விழாவில் பறை 'நாட்டுப்புறக் கலை' என்ற பட்டியலில் வரும்; கரகம், காவடி, பொய்க்கால் குதிரை, பறை. அந்தப் பட்டியலில் சாதி என்ற சொல் வராது. 2020 டிசம்பரின் கடைசி வாரத்தில் நீலம் அமைத்த மேடையில் ஒப்பாரியும் கானாவும் பறையும் ராப்பும் வந்தபோது, அவற்றைப் பிறப்பித்த வாழ்க்கையும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு விழா மதுரைக்கும் கோவைக்கும் போய்ச் சென்னைக்கு வந்தது. இரண்டாவது, காலம். பொங்கல் எல்லாருக்கும் பொது என்று சொல்லலாம். டிசம்பர் அப்படியல்ல, அது சபாக்களின் மாதம். அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததே ஒரு வாதம். 1927இல் ஒரு வகுப்பின் விடுமுறையாகத் தொடங்கியதை, தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் கழித்து வேறு மக்கள் தமக்கும் உரியது என்று சொன்னார்கள்.

இதற்கு நம் பக்கத்திலேயே எதிர்ப்பேச்சு உண்டு. அவர்களுடைய நாட்காட்டியில் நமக்கு இடம் கேட்பதைவிட, ஏப்ரல் 14ஐ நம் இசைப் பருவமாக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஏப்ரலில் தலித் வரலாற்று மாதக் கலைவிழாக்கள் இப்போது நடக்கவும் செய்கின்றன. எங்கள் நிலைப்பாடு இது: இரண்டும் வேண்டும். நமக்கென்று ஒரு நாளை உண்டாக்குவது சுயமரியாதை. பொதுவென்று சொல்லிப் பூட்டி வைத்த நாளைத் திறப்பது உரிமை. கோயில் நுழைவையும் புத்த விகாரையையும் பாபாசாகேப் எதிரெதிராக வைக்கவில்லை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனார். பொதுக்குளத்தில் தண்ணீர் மொண்டது, அந்தத் தண்ணீர் இல்லாமல் செத்துவிடுவோம் என்பதற்காக அல்ல.

7. சிப்காட்டின் நாட்காட்டி

இனி நம் மண்ணுக்கு வருவோம். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை போகும் மின்தொடர் வண்டியில் அதிகாலையில் ஏறுபவர்களுக்குத் தெரியும், இந்த வட்டாரத்தின் காலத்தை இப்போது கோயில் மணி அறுதியிடவில்லை, ஷிப்ட் சங்கு அறுதியிடுகிறது. களத்து மேட்டில் நெல் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இரும்பு உருக்காலையிலும் உதிரிபாகக் கம்பெனியிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தேர்வாய் கண்டிகையில், தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கிராமத்தில், மாடு மேய்த்து வந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பொதுநிலம் சிப்காட் பூங்காவாயிற்று. மக்கள் நீண்ட நாள் போராடினார்கள். மேய்க்கால் போனால் மாடு போகும். மாடு போனால் பாலும் எருவும் தோலும் போகும். இசைக்கருவியும் நிலத்திலிருந்துதான் வருகிறது என்பதைப் பண்பாட்டு ஆய்வாளர்கள் மறந்துவிடக் கூடாது.

தொழிற்சாலையில் விடுமுறை என்பது சட்டத்தால் வருவது. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள் சட்டம் 1958இல் இயற்றப்பட்டது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களும், அவற்றோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைக் கூலி தர வேண்டும். அல்லது கூலியோடு மாற்று விடுமுறை தர வேண்டும். இதற்கும் முன்பு, வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை அம்பேத்கர் ஏற்றிருந்த காலத்தில், 1945இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டுச் சம்பளத்துடன் விடுப்பு சட்டமாயிற்று. 1946இல் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. விழா நாளில் அடித்தே தீர வேண்டும் என்று கட்டப்பட்டிருந்த மக்களிலிருந்து வந்த ஒருவர், இந்நாட்டின் ஆலைத் தொழிலாளர் அனைவருக்கும் ஓய்வைச் சட்டமாக்கினார். நம் இசை வரலாற்றில் இதற்கும் ஓர் அத்தியாயம் வேண்டும். ஓய்வில்லாதவர் கச்சேரி கேட்க முடியாது, ஒத்திகைக்கும் போக முடியாது.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த ஒன்பது நாட்கள் ஒழுங்காகக் கிடைக்கின்றனவா என்பது இங்குள்ள ஒவ்வொரு தொழிற்சங்கமும் ஆண்டுதோறும் கேட்க வேண்டிய கேள்வி. ஐந்து பண்டிகைகள் யாருடைய பண்டிகைகள் என்பது அடுத்த கேள்வி. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருப்பவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமுண்டா? எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் மாதிகர்கள் அடிப்பது டப்பு. நம் பறையின் உடன்பிறப்பு. கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் ஈழத் தமிழரின் மண்ணில், மட்டக்களப்புப் பக்கம், பறைமேளக் கூத்து உண்டு; அங்கேயும் அதை ஆடுபவர்கள் சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள். இத்தனை தாளங்கள் ஒரே தொழிற்பேட்டையைச் சுற்றி வாழ்கின்றன. ஒரு சமூக இசைக்குழுவுக்கு இதைவிட வளமான இடம் வேறெது?

போகி விடியற்காலையில் இந்த வட்டாரத்துத் தெருக்களைக் கவனியுங்கள். சாலையோரம் குவித்து விற்கும் சின்னஞ்சிறு போகி மேளத்தை வாங்கி, எல்லாச் சாதிக் குழந்தைகளும் அடிக்கிறார்கள். பழைய பாயும் துடைப்பமும் எரிய, அந்தப் புகையில் எந்த அம்மாவும் தன் பிள்ளையிடம் அதைத் தொடாதே என்று சொல்வதில்லை. ஆண்டில் ஒரு காலைப்பொழுதுக்கு ஊர் முழுக்கப் பறையடிக்கிறது. பிள்ளைகளுக்குக் கூச்சமில்லாத அந்தக் காரியத்தில் பெரியவர்களுக்கு எப்போது கூச்சம் வந்தது என்பதை மாணவர்கள் ஆராயலாம்.

8. செய்ய வேண்டியவை

உரையை முடிக்கும் முன் நான்கு வேலைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, பெயர்களைச் சேகரிப்பது. மாணவர்கள் தம் ஊர்ச் சேரியிலுள்ள மூத்த பறைக் கலைஞர்களை, கானாப் பாடகர்களை, ஒப்பாரி பாடும் பெண்களைச் சந்தித்து, அவர்கள் சம்மதத்தோடு அடிவகைகளையும் வாழ்க்கையையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். அடிக்க மறுத்தவர்களின் கதைகளையும் அதே அக்கறையோடு எழுதுங்கள். பறையை உடைத்தவரும் நம் இசை வரலாற்றுக்காரரே.

இரண்டாவது, கூலி. இயக்கக் கூட்டம் என்பதற்காகக் கலைக்குழுவை உணவுக்கும் பயணப்படிக்கும் அழைக்கும் வழக்கத்தை முதலில் நாம் நிறுத்த வேண்டும். பேச்சாளரின் பெயர் இருக்கும் துண்டறிக்கையில் கலைஞர்களின் பெயரும் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்பே பேசிய தொகையை மேடையிலிருந்து இறங்கியதும் தர வேண்டும்.

மூன்றாவது, கட்டாயம் எங்கே இன்னும் இருக்கிறதோ அங்கே சட்டத்தைக் கொண்டுபோவது. சாவுக்கு அடிக்க மறுத்ததற்காக மிரட்டப்படும் குடும்பம் ஒன்று இருந்தாலும், பறைக்குக் கிடைத்த விருதுகள் அந்தக் குடும்பத்துக்குப் பயன்படுவதில்லை.

நான்காவது, இந்தத் தொழிற்பேட்டையில் டிசம்பர் கடைசி வாரத்திலோ பொங்கலிலோ தொழிலாளர்களே சேர்ந்து நடத்தும் ஒரு கச்சேரி. பெரிய மேடை வேண்டாம். பறையும் டப்பும் கானாவும், பீகார்த் தோழரின் டோலக்கும், தேவாலயத்தில் கீத பவனி போகும் பிள்ளைகளின் பாட்டும் ஓரிடத்தில் சேர்ந்தால் போதும். அதை விடுமுறை நாளில் வையுங்கள். வாசிப்பவர்களும் கேட்பவர்களும் அன்று சம்பளத்துடன் விடுமுறையில் இருக்க வேண்டும் என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தை வாங்குவதும் கச்சேரியின் ஒரு பகுதிதான்.

நம் தாத்தாக்கள் ஊர் விழாவில் அடித்தார்கள். அவர்களுக்கு அது விழாவாக இருக்கவில்லை. பேரப்பிள்ளைகள் அடிக்கும் நாள் அவர்களுக்கும் விழாவாக இருக்கட்டும்.

ஜெய்பீம்.